மஞ்சள் கரையிட்ட ஏடும் நம் தெருவும்



ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோரின் இல்லங்களில் இரண்டு அட்டைப்பெட்டிகள் எப்போதும் இருக்கும். ஒன்று, என்றேனும் தாயகம் திரும்பும்போது பொருள்களைக் கட்டுவதற்கென்று மடித்து வைத்திருக்கும் பெட்டி. மற்றொன்று, நமக்கு முன்னே திரும்பிச் சென்றவர்கள் நம்மிடம் விட்டுச் சென்ற பொருள்கள் நிறைந்த பெட்டி. சில ஆண்டுகளுக்கு முன் சத்வாவில் எங்கள் எதிர்வீட்டில் வாழ்ந்த குடும்பத்தினர் பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, அத்தகைய பெட்டி ஒன்றை எங்களிடம் ஒப்படைத்துச் சென்றனர். "தூக்கி எறிய மனம் வரவில்லை, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்றார் அவ்வீட்டு அம்மையார். திறந்து பார்த்தபோது, முதுகெல்லாம் மஞ்சளாக, செங்கல் அடுக்கினாற்போல ஏடுகள் இருந்தன. அவை யாவும் 'நேஷனல் ஜியாகிரபிக்' என்னும் ஆங்கிலத் திங்களிதழ்கள்.

என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தாள். ஒரு விடுமுறை நாள் முழுவதும் கூடத்துத் தரையில் அமர்ந்து ஒவ்வோர் ஏடாகப் புரட்டினாள். பனிக்கரடியைக் கண்டாள், கடலடிப் பவளப் பாறைகளைக் கண்டாள், பெயர் தெரியாத மலைநாடுகளின் சந்தைகளைக் கண்டாள். மாலையில் எழுந்து வந்து, "உலகத்தில் உள்ள ஊரெல்லாம் இதில் இருக்கின்றனவே அப்பா, நம் சத்வா எந்த இதழில் இருக்கிறது?" என்று வினவினாள்.

அந்தப் பெட்டியில் இருந்த எந்த இதழிலும் சத்வா இல்லை. ஆயினும் அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. ஓர் ஊர் ஏட்டில் ஏறுவது எவ்வாறு? அதனை ஏற்றுபவர் யார்? ஏற்றும்போது எவற்றையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்? விடை தேடியபோது அந்த இதழின் வரலாறே விடையாக அமைந்தது. அதனை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

படமில்லாமல் பிறந்த இதழ்

1888ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்கத் தலைநகராகிய வாசிங்டனில் முப்பத்து மூவர் கூடினர். அறிவியலாளர், நில அளவையாளர், படைத்துறையினர், செல்வர் எனப் பல திறத்தினர் அவர்களுள் இருந்தனர். புவியியல் அறிவைப் பெருக்குவதும் பரப்புவதுமே நோக்கமாகக் கொண்டு ஒரு கழகத்தை நிறுவ அவர்கள் முடிவு செய்தனர். அதுவே நேஷனல் ஜியாகிரபிக் கழகம். அக்கழகத்தின் இதழ் அவ்வாண்டிலேயே முதன்முதலாக வெளிவந்தது.

இன்று அவ்விதழின் பெயரைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோன்றுவது வண்ணப் படங்களே. ஆனால் முதல் இதழில் ஒளிப்படமே இல்லை. மண்ணிற அட்டையும், உள்ளே ஆய்வுரைகளுமாக, அறிஞர் எழுதி அறிஞரே படிக்கும் ஏடாக அது இருந்தது. பொதுமக்கள் அதனைத் தீண்டவில்லை. பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் கழகத்தின் உறுப்பினர் தொகை ஏறத்தாழ ஆயிரம் என்ற அளவிலேயே நின்றது.

கழகத்தின் முதல் தலைவர் கார்டினர் ஹப்பர்ட். அவருக்குப்பின் தலைமை ஏற்றவர் அவருடைய மருமகனாகிய அலெக்சாண்டர் கிரஹாம் பெல். ஆம், தொலைபேசியைக் கண்டறிந்த அதே பெல்தாம்! இதழ் உயிர்பெற வேண்டுமாயின் அதனை முழுநேரமும் கவனிப்பவர் ஒருவர் வேண்டும் என்று கருதிய அவர், 1899ஆம் ஆண்டில் கில்பர்ட் குரோவ்னர் என்னும் இருபத்து மூன்று வயது இளைஞரைப் பணியில் அமர்த்தினார். அந்த இளைஞர் பின்னர் பெல்லின் மகளை மணந்தார்; 1954ஆம் ஆண்டு வரை அவ்விதழை வழிநடத்தினார்.

பதினொரு பக்கங்கள்

1905ஆம் ஆண்டின் சனவரி இதழ் அச்சேற வேண்டிய நேரம். பதினொரு பக்கங்களுக்குச் செய்தி இல்லை. ஆசிரியராகிய குரோவ்னர் செய்வதறியாது திகைத்திருந்தபோது, உருசிய நாட்டுப் புவியியல் கழகத்திலிருந்து ஓர் உறை வந்து சேர்ந்தது. அதனுள் திபெத்தின் தலைநகராகிய இலாசாவின் ஒளிப்படங்கள் இருந்தன. அயலார் எளிதில் நுழைய இயலாத அந்நகரைப் புரியாத் இனத்தைச் சேர்ந்த திசிபிகோவ் என்னும் அறிஞரும், கல்மிக் இனத்தைச் சேர்ந்த நோர்சுனோவ் என்பவரும் படம் எடுத்திருந்தனர். இருவரும் பௌத்த சமயத்தைச் சார்ந்த இனத்தவராதலின், புனித யாத்திரை செல்வோருடன் கலந்து அந்நகருக்குள் செல்ல அவர்களால் இயன்றது.

குரோவ்னர் அப்படங்களைக் கொண்டே பதினொரு பக்கங்களையும் நிரப்பினார். அறிஞர் ஏட்டில் படங்களை இறைத்ததற்காகத் தம்மைப் பணியினின்று நீக்கிவிடுவர் என்றே அவர் அஞ்சினார். நடந்ததோ வேறு. தெருவில் எதிர்ப்பட்ட உறுப்பினர்கள் அவரை நிறுத்திப் பாராட்டினர்! மறு ஆண்டு சூலைத் திங்களில், இருளில் உலவும் காட்டு விலங்குகளை ஒளி பாய்ச்சி எடுத்த ஜார்ஜ் ஷைராஸ் என்பாரின் 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டார். "இது படப்புத்தகமாகிவிட்டது" என்று சினந்து ஆட்சிக் குழுவினர் இருவர் விலகினர். மக்களோ பெருந்திரளாக உறுப்பினராயினர். 1910ஆம் ஆண்டில் அட்டையைச் சுற்றி மஞ்சள் கரை இடப்பெற்றது. நம் வீட்டுப் பெண்டிர் சேலையைக் கரை கண்டு அடையாளம் சொல்வதுபோல, உலகெங்கும் அக்கரையைக் கண்டே இதழின் பெயரைச் சொல்லும் நிலை உண்டாயிற்று.

1980களின் இறுதியில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர் அதனைச் சந்தா கட்டிப் பெற்றனர். உறுப்பினர் செலுத்திய பணம் இதழுக்கு மட்டுமன்றி ஆய்வுப் பயணங்களுக்கும் பயன்பட்டது. பெரு நாட்டின் மச்சுபிச்சு என்னும் மலைநகரின் இடிபாடுகளைப் பற்றி ஹைரம் பிங்கம் எழுதிய கட்டுரை 1913ஆம் ஆண்டு ஏப்ரல் இதழ் முழுவதையும் நிறைத்தது. மனிதக் குரங்குகளோடு காட்டில் வாழ்ந்து ஆராய்ந்த ஜேன் குடால் அம்மையாரை 1963ஆம் ஆண்டில் உலகறியச் செய்ததும் அவ்விதழே.

புள்ளிகளும் உருளைக்கிழங்கு மாவும்

படங்களைப் பெருவாரியாக அச்சிட இயன்றது எவ்வாறு என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. முற்காலத்தில் ஒரு படத்தை அச்சிட வேண்டுமாயின் கைத்திறன் மிக்க ஒருவர் அதனை உலோகத் தகட்டிலோ மரக்கட்டையிலோ செதுக்க வேண்டும். அதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாஃப்டோன் என்னும் முறை பரவியது. ஒளிப்படத்தை நுண்ணிய வலை வழியாகப் படியெடுத்தால் அது புள்ளிகளாகப் பிரியும். கருமை மிகுந்த இடத்தில் புள்ளிகள் பெரியனவாகவும், வெண்மை மிகுந்த இடத்தில் சிறியனவாகவும் அமையும். சற்று விலகி நோக்கும்போது நம் கண் அவற்றை ஒன்றாக இணைத்து முகமாகவும் மரமாகவும் காண்கிறது. ஐயமிருப்பின் வீட்டிலுள்ள செய்தித்தாளின் படம் ஒன்றன்மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். அப்புள்ளிகள் உங்கள் கண்ணுக்கும் புலனாகும்.

வண்ணத்தின் கதை இன்னும் வியப்பானது. பிரான்சு நாட்டு லூமியேர் உடன்பிறந்தார் 1907ஆம் ஆண்டில் 'ஆட்டோகுரோம்' என்னும் கண்ணாடித் தகட்டை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அத்தகட்டின்மேல் வண்ணத்தைத் தந்தது எது தெரியுமா? உருளைக்கிழங்கு மாவு! மாவுத் துகள்களைச் செம்மஞ்சள், பச்சை, ஊதா ஆகிய மூன்று நிறங்களில் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் பரப்பி, அதன்மேல் ஒளி படும் பூச்சைப் பூசினர். அத்தகட்டில் படம் பதிய நெடுநேரம் ஒளி வேண்டும். படம் எடுக்கப்படுவோர் அசையாது நிற்க வேண்டும். அம்முறையில் அமைந்த வண்ணப்படம் 1914ஆம் ஆண்டு சூலையில் முதன்முதலாக அவ்விதழில் வந்தது.

கடலடியின் வண்ணத்தை எடுக்க அதனினும் பெருமுயற்சி வேண்டியிருந்தது. 1926ஆம் ஆண்டில் லாங்லி, மார்ட்டின் ஆகிய இருவர் அமெரிக்காவின் பிளாரிடாக் கடலில் மிதவையொன்றின்மேல் மக்னீசியப் பொடியை வெடிக்கச் செய்து, அவ்வொளியில் நீரின்கீழ் மீனைப் படம் பிடித்தனர். ஒரு மீனின் நிறத்தைக் காட்ட உயிரையே பணயம் வைத்தனர் எனலாம். இன்று கைப்பேசியை நீட்டியவுடன் படம் விழுகிறது. படம் எளிதானதால் அதற்குரிய உழைப்பு நீங்கிவிட்டதாக எண்ணுதல் கூடாது. எதை எடுப்பது, எதை எழுதுவது என்னும் உழைப்பு அப்படியே இருக்கிறது.

நம் வளைகுடா அவ்வேட்டில் ஏறிய நாள்

என் மகளின் வினாவுக்கு இனி வருவோம். சத்வா இல்லையெனினும் நாம் வாழும் இக்கடற்கரை அவ்விதழில் ஏறியதுண்டு. 1956ஆம் ஆண்டு சூலை இதழில் ரொனால்ட் கோட்ரை என்னும் ஆங்கிலேயரின் கட்டுரை வெளியாயிற்று. எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பணிக்காக இங்கு வந்து பல ஆண்டுகள் வாழ்ந்த அவர், ஓய்வு நேரங்களில் இம்மக்களையும் ஊர்களையும் படம் எடுத்துவந்தார். துபாய்க்கு அப்போது எண்ணெய் கிடைக்கவில்லை. அது கண்டறியப்பட்டது 1966ஆம் ஆண்டில். ஐக்கிய அரபு அமீரகம் என்னும் நாடும் பிறக்கவில்லை. அது பிறந்தது 1971ஆம் ஆண்டு திசம்பர் 2ஆம் நாள். பேரீச்ச ஓலையால் வேய்ந்த வீடுகள், காற்றை வாங்கிக் கீழே அனுப்பும் கோபுரங்கள், உப்பங்கழியில் மக்களை ஏற்றிச் செல்லும் படகுகள், முத்துக் குளிப்போர் எனப் பின்னாளில் மறைந்துபோன அல்லது உருமாறிய வாழ்க்கை அவருடைய படங்களில் தங்கியிருக்கிறது. 1990களில் அவை தொகுப்பு நூல்களாக வெளிவந்தபோது, தம் பாட்டனார் காலத்து ஊரை இந்நாட்டு இளைஞர்கள் அவற்றில் கண்டனர்.

இது அவ்வேட்டின் பெருமை. ஆனால் அக்கட்டுரையின் தலைப்பை நோக்குங்கள். 'அரேபியாவின் கடற்கொள்ளையர் கரையிலுள்ள பாலைவன ஷேக்கு நாடுகள்' என்பது அதன் பொருள். கடற்கொள்ளையர் கரை என்னும் பெயர் இம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்டதன்று. இக்கடலில் ஆதிக்கம் தேடி வந்த ஆங்கிலேயர் இட்ட பெயர். படம் உண்மையைக் காட்டியது. தலைப்போ வந்தவரின் பார்வையைக் காட்டியது.

அதற்கு மறுமொழி இம்மண்ணிலிருந்தே வந்தது. சார்ஜாவின் ஆட்சியாளர் டாக்டர் ஷேக் சுல்தான் பின் முகம்மது அல் காசிமி அவர்கள் இங்கிலாந்தின் எக்சிட்டர்ப் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். 'வளைகுடாவில் அரபியர் கடற்கொள்ளை என்னும் கட்டுக்கதை' என்று பொருள்படும் தலைப்பில் 1986ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பழைய ஆவணங்களை ஆராய்ந்து, அப்பெயர் கிழக்கிந்தியக் கும்பினியாரின் வணிக நலனுக்காகப் பரப்பப்பட்டது என்று அதில் வாதிட்டார். பிறர் தம்மைப்பற்றி எழுதியதை அவர் வெறுமனே வெறுத்து ஒதுக்கவில்லை. தாமே கற்று, தாமே எழுதி விடை தந்தார். 2010ஆம் ஆண்டு அக்டோபரில் அவ்விதழின் அரபு மொழிப் பதிப்பு அபுதாபியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. மஞ்சள் கரைக்குள் இம்மக்களின் மொழியும் இடம்பெற்றது.

பிழையும் ஒப்புதலும்

1915ஆம் ஆண்டில் குரோவ்னர் தம் இதழுக்கென்று சில நெறிகளை வகுத்தார். செய்தி முற்றிலும் சரியாக இருக்க வேண்டும். படங்கள் அழகும் பயனும் உடையனவாக இருக்க வேண்டும். எந்நாட்டைப் பற்றியும் எம்மக்களைப் பற்றியும் இனியவற்றையே எழுத வேண்டும் என்பன அவற்றுட் சில. கேட்பதற்கு இவை நன்றாகவே உள்ளன. ஆயினும் இனியவற்றை மட்டும் காட்டுவோம் என்று உறுதி பூண்ட ஏடு, துன்பத்தைக் கண்டபோது கண்ணை மூடிக்கொள்ளவும் நேர்ந்தது.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் இதழில் அப்போதைய ஆசிரியர் சூசன் கோல்ட்பர்க் அம்மையார், பல பத்தாண்டுகளாகத் தம் இதழ் இனவேற்றுமை மிக்க பார்வையுடன் எழுதிவந்தது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பழைய இதழ்களையெல்லாம் ஆராயும் பொறுப்பை ஜான் எட்வின் மேசன் என்னும் வரலாற்றுப் பேராசிரியரிடம் அவர் ஒப்படைத்திருந்தார். 1916ஆம் ஆண்டு இதழ் ஆத்திரேலியத் தொல்குடியினரின் படத்தின்கீழ், அவர்கள் அறிவில் மக்கள் அனைவருக்கும் கடையர் என்று எழுதியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் சார்ப்வில் என்னுமிடத்தில் 1960ஆம் ஆண்டில் காவலர் சுட்டு 69 கறுப்பின மக்கள் மாண்டனர். ஆனால் 1962ஆம் ஆண்டில் அந்நாட்டைப் பற்றி வெளிவந்த கட்டுரையில் அம்மக்களின் குரல் ஒலிக்கவே இல்லை. இவற்றையெல்லாம் மறைக்காமல் தம் இதழிலேயே அச்சிட்டார் அவ்வாசிரியர். நூற்றாண்டு கடந்த ஓர் ஏடு தன் பிழையைத் தானே வாசித்துக் காட்டியது பாராட்டத்தக்க செயல் என்பதில் ஐயமில்லை.

படத்தை மாற்றியமைத்த பிழையும் உண்டு. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி இதழின் அட்டையில் எகிப்தின் பிரமிடுகள் இடம்பெற்றன. அகலமான படத்தை உயரமான அட்டையில் பொருத்துவதற்காகக் கணிப்பொறியின் உதவியால் ஒரு பிரமிடை மற்றொன்றின் அருகே நகர்த்திவிட்டனர். பல்லாயிரம் ஆண்டுகளாக அசையாது நின்ற பிரமிடு அட்டைக்காக அசைந்தது! அதனால் எழுந்த கண்டனம் சிறிதன்று. ஒரு விரலசைவில் படத்தில் ஆளை நீக்கவும் சேர்க்கவும் இயலும் இக்காலத்தில், அந்நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

பெயர் கேட்காத படம்

எங்களுக்குக் கிடைத்த பெட்டியில் 1985ஆம் ஆண்டு சூன் இதழும் இருந்தது. அதன் அட்டையிலிருந்து பச்சைநிறக் கண்களால் நம்மை உற்று நோக்கும் சிறுமியை உங்களுள் பலரும் கண்டிருப்பீர்கள். பாகித்தானின் பெஷாவர் நகருக்கு அருகிலிருந்த ஆப்கானிய அகதி முகாமில் 1984ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த படம் அது. உலகமெங்கும் அப்படம் சுவர்களில் தொங்கியது. ஆனால் அச்சிறுமியின் பெயர் எவருக்கும் தெரியாது. எவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2002ஆம் ஆண்டில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தனர். அவர் பெயர் ஷர்பத் குலா. உலகம் அறிந்த தம் படத்தை அவர் அதுவரை கண்டதே இல்லை. 2016ஆம் ஆண்டில் அடையாள அட்டை தொடர்பான வழக்கில் பாகித்தானில் சிறைப்பட்டு, ஆப்கானித்தானுக்கு அனுப்பப்பெற்றார். 2021ஆம் ஆண்டில் இத்தாலி நாடு அவருக்குப் புகலிடம் அளித்தது. ஒரு முகம் புகழ் பெறுவதும், அம்முகத்திற்கு உரியவர் வாழ்வு பெறுவதும் வேறு வேறு என்பதை அவர் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

இதனைப் படித்தபோது நான் பிறரைக் குறைகூற இயலாதவனானேன். எங்கள் வீட்டுப் படத்தொகுப்பில் ஒரு படம் உண்டு. என் மகள் முதன்முதலாகப் பள்ளிச் சீருடை அணிந்து, அதனைத் தைத்துத் தந்த முதியவரின் அருகில் நிற்கும் படம். சத்வாவில் எங்கள் தெருமுனையிலிருந்த சிறிய தையற்கடையில் அவர் பணியாற்றினார். துணி மிச்சத்தில் அவளுடைய பொம்மைக்கும் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தவர். ஏழாண்டுகள் அவரிடம் துணி கொடுத்து வாங்கியிருக்கிறோம். 'மாஸ்டர்' என்றே அழைத்தோம். அவர் பெயரை நானும் கேட்கவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. ஒருநாள் கடை பூட்டியிருந்தது. பின்னர் அக்கடை வரிசையே இடிக்கப்பட்டது. படம் இருக்கிறது, அவர் எந்த ஊரினர் என்று சொல்லவும் எங்களால் இயலவில்லை.

தமிழில் ஒருவர்

உலகைச் சுற்றிக் கண்டு, படம் எடுத்து, பெயரும் நாளும் பிறழாமல் எழுதி வைக்கும் கலை மேலைநாட்டாருக்கே உரியது என்று எண்ண வேண்டா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911ஆம் ஆண்டில் பிறந்த ஏ.கே. செட்டியார் ஒளிப்படக்கலையைத் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் பயின்றவர். 1937ஆம் ஆண்டில் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது.  அடிகளைப் பற்றிய பழைய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் அலைந்தார். 50,000 அடி நீளமுள்ள படச்சுருளைத் திரட்டி, அதிலிருந்து செதுக்கிய படத்தை 1940ஆம் ஆண்டில் சென்னையில் திரையிட்டார்.

1943ஆம் ஆண்டில் 'குமரி மலர்' என்னும் இதழைத் தொடங்கி, 1983ஆம் ஆண்டில் மறையும் வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடத்தினார். அதற்கு வண்ண அட்டையில்லை. கோடிக்கணக்கான வாசகர் இல்லை. பயணக் கட்டுரைகளையும், மறைந்துபோன இதழ்களில் புதைந்து கிடந்த அரிய எழுத்துகளையும் தேடித் தேடி அச்சிட்டார். தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றி முன்னோர் எழுதிய பயணக் குறிப்புகளைத் திரட்டி நூலாக்கினார். பெருஞ்செல்வமும் பெருங்கழகமும் இன்றியே ஒருவர் ஒரு மொழியின் நினைவைக் காக்க இயலும் என்பதற்கு அவர் சான்று.

நம் இலக்கணம் காட்டும் வழி

அவ்வாறு எழுதுவதற்கு நமக்கு ஒரு முறையும் உண்டு. வகுப்பில் நீங்கள் பயிலும் திணைப் பாகுபாட்டை நினைவுகூருங்கள். தொல்காப்பியர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று சொன்னார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அங்கு வாழ்வோரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இவற்றைத் தேர்வுக்கு மட்டும் மனனம் செய்துவிட்டு விட்டுவிடுகிறோம். உண்மையில் ஓர் ஊரைப் பார்ப்பது எப்படி என்று கற்பிக்கும் பாடம் அது.

ஒரு படத்தை எடுத்தவுடன் இம்மூன்றையும் நாடுங்கள். எந்த இடம், எந்த நாள், எந்தப் பொழுது என்று முதலில் எழுதுங்கள். படத்தில் தெரியும் மரம் எது, கடை எது, தொழில் எது, அங்கே உண்ணப்படும் உணவு எது, ஒலிக்கும் மொழிகள் எவை என்று அடுத்து எழுதுங்கள். படத்தில் இருப்பவர் யார், அவர் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார், எதை எண்ணி மகிழ்கிறார் அல்லது ஏங்குகிறார் என்பதை அவரிடமே கேட்டு இறுதியில் எழுதுங்கள். நான்கு வரி போதும். அந்நான்கு வரி இல்லாத படம் இருபது ஆண்டு கழிந்தால் ஊமையாகிவிடும்.

படம் எடுப்பதற்கு முன் இசைவு பெறுதல் கட்டாயம். இசைவின்றி ஒருவரைப் படம் எடுத்து வெளியிடுவதை இந்நாட்டுச் சட்டமும் குற்றமாகக் கொள்கிறது. அரசு, காவல், படைத்துறை இடங்களைப் படம் எடுத்தல் ஆகாது. பிள்ளைகள் பெற்றோருடன் சென்று, முதலில் வணக்கமோ சலாமோ சொல்லி, பின்னர்ப் பெயரைக் கேட்டு, அதன்பின் படம் எடுக்கட்டும். எடுத்த படத்தின் படி ஒன்றை அவருக்கும் கொடுக்கட்டும். ஷர்பத் குலாவுக்குப் பதினேழு ஆண்டுகள் கிடைக்காதது, நம் தெருவில் இருப்பவருக்குப் பதினேழு நாளில் கிடைக்கட்டும்.

காலம் காத்திராது

ஷேக் சாயித் நெடுஞ்சாலையின் வானளாவிய கோபுரங்களுக்கும் ஜுமைராக் கடற்கரைக்கும் இடையே, தாழ்ந்த வீடுகளும், தையற்கடைகளும், திரைச்சீலைக் கடைகளும், செடிப் பண்ணைகளும் கொண்டது சத்வா. 2008ஆம் ஆண்டில் இதன் ஒரு பகுதியை அகற்றிப் புதுநகர் ஒன்றை எழுப்பும் திட்டம் அறிவிக்கப்பெற்றது. சுவர்களில் எண்கள் எழுதப்பட்டன. பல வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் உலகெங்கும் பரவிய பொருளாதார நெருக்கடியால் அத்திட்டம் தேங்கியது. நகரம் வளர வேண்டும், அது இயல்பு. பழையன போவதை நம்மால் தடுக்க இயலாது. போவதற்குமுன் பெயர் எழுதி வைக்க நம்மால் இயலும்.

மஞ்சள் கரையிட்ட இதழும் காலத்தின் கைக்குத் தப்பவில்லை. 2023ஆம் ஆண்டில் அதன் எஞ்சிய நிலையான எழுத்தாளர்கள் பணியிழந்தனர். அமெரிக்கக் கடைகளில் அதன் விற்பனையும் அவ்வாண்டோடு நிறுத்தப்பெற்றது. சந்தாதாரர்க்கு அச்சில் தொடர்கிறது. அத்தகைய பேரேடே மாற்றத்துக்கு உட்படுமாயின், நம் நினைவுகளைப் பிறர் காப்பர் என்று எவ்வாறு இருப்பது? நாம் இங்கு நிலையாகக் குடியிருக்க வந்தவர்கள் அல்லோம். நம் பிள்ளைகளுள் பலர் நாளை வேறு நாடுகளில் வாழ்வர். "நீ வளர்ந்த ஊர் எது?" என்று அவர்களைக் கேட்கும்போது, காட்டுவதற்கு வீடு இருக்காது, தெருவும் மாறியிருக்கும். பெயரெழுதிய படம் ஒன்று கையில் இருக்குமாயின் அதுவே அவர்கள் ஊர்.

அன்று வினா எழுப்பிய என் மகள் பின்னர்க் கோடிட்ட தடித்த குறிப்பேடு ஒன்றை வாங்கி, அட்டையைச் சுற்றி மஞ்சள் தாள் ஒட்டினாள். முதல் பக்கத்தில் தையற்கடைப் படத்தை ஒட்டி, அதன்கீழ்த் தமிழில் எழுதினாள்: இடம், சத்வா, நாள், நான் முதல் வகுப்புக்குச் செல்வதற்கு முன்நாள், தொழில், தையல், பெயர் என்று எழுதி, அதன் எதிரே ஒரு கோடு மட்டும் இழுத்து விட்டிருக்கிறாள். அக்கோடு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

இம்மலரைப் படிப்போருள் எவரேனும், அந்நாளில் சத்வாவில் பிள்ளைகளின் பொம்மைகளுக்கும் சட்டை தைத்துக் கொடுத்த அப்பெரியவரை அறிவீராயின், அவர் பெயரை எங்களுக்குச் சொல்லி உதவுங்கள். ஏனைய பக்கங்களை நம் பள்ளி மாணவர்கள் தத்தம் தெருவைக் கொண்டு நிரப்பட்டும்.

வளர்க தமிழ்! வாழ்க நம்மை வாழ்விக்கும் இம்மண்!